நெளிசுவர் வழி

1952 அக்டோபர் 6, திங்கள்

ஏழு நாற்பது பஸ்ஸைத் தவறவிட்டேன். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஏழு வருடத்தில் இதுதான் முதல் முறை.

பெரிய வீட்டுத் தோட்டத்தின் இரும்புக் கதவில் பூட்டு. பித்தளை, புத்தம் புதியது, என் உள்ளங்கை அகலம். பக்கத்தில் வெள்ளைப் பலகை: ‘தனியார் தோட்டம். பொதுவழி இல்லை. சாவி வேண்டுவோர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.’

கீழ்த்தெருவிலிருந்து அந்தக் கதவுக்குள் நுழைந்து, காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே நேராக நடந்து, வடக்குச் சுவரின் ஓக் கதவைத் தள்ளினால் சர்ச், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம். எட்டு நிமிடம். சாலை வழியாகச் சுற்றினால் ஒன்றரை மைல். இன்று சுற்றினேன். ஓடினேன் என்று எழுதுவதுதான் நேர்மை. பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “அவர் சுவரு, அவர் கதவு” என்றார்.

“நம்ம வழி” என்றேன்.

“அப்படின்னு யாரு எழுதிக் கொடுத்தா?”

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 7

ஏறினேன்.

அக்டோபர் 8

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுதத் துணியவில்லை. இன்றும் ஏறினேன் என்பதால் இப்போது எழுதலாம்.

கதவு ஏழடி உயரம். இரும்பைச் சுருள் சுருளாக வளைத்து, நடுவில் இலைகள் வைத்து, இருநூறு வருடத்துக்கு முன் எந்தக் கொல்லனோ செய்தது. சுருள்களில் கால் வைக்க இடமிருக்கிறது. பக்கத்து வீட்டு மிஸஸ் பொரட் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போகிறவள். கீழே நின்று என் பையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவாடையைப் பிடிச்சுக்கோ பொண்ணே! ஊர் முழுக்கப் பாத்துடப் போவுது!”

“யாரும் இல்லையே, மிஸஸ் பொரட்.”

“நான் இருக்கேனே. நான் ஒருத்தி பாத்தா போதாதா, ஊருக்குத் தெரிய?”

உண்மை. மதியத்துக்குள் ரொட்டிக்கடை வரை போய்விட்டது. யாரும் என்னைப் பார்க்காமல் இருப்பதைத்தான் இத்தனை நாளும் என் ஒரே சொத்தாக வைத்திருந்தேன். பஸ்ஸில் பின்னிருக்கை. நூலகத்தில் பின்னறை. இப்போது ‘கதவு ஏறுகிறவள்.’ சரி. ஏறுகிறேன்.

அக்டோபர் 15

மிஸஸ் பொரட் இன்று சாவியோடு வந்தாள். அலுவலகத்தில் கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்களாம். ஒரு சீட்டில் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்களாம்.

“சீட்டுல என்ன இருந்தது?”

“என்னவோ, ‘திரு. பென்ரோஸின் அன்பான அனுமதியுடன்’னு. பாரேன், என்னமா மரியாதை! பெரிய வீட்டுல முன்னாடி இருந்த அந்தப் பழைய சீமாட்டி ஒரு நாளாவது என்கிட்ட அன்பா இருந்திருக்காளா?”

நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன். தர்லோதான் ஊர்ச் சபைத் தலைவர். போன வருடம் கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தார் எல்லா ஊரின் நடைவழிகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, கால்சட்டையில் மாவு ஒட்ட நடந்து நடந்து குறித்தவர் இவர். நம் வழிக்கு எண் ஒன்பது. பெரிய வீட்டை வாங்கிய பென்ரோஸ் அந்த ஒன்பதை மட்டும் எதிர்த்திருக்கிறார். மார்ச்சில் விசாரணை.

“இருபது வருஷம் ஜனங்க நடந்திருக்கணும்” என்றார் தர்லோ, மாவைத் தட்டிக்கொண்டே. “யாரும் தடுக்காம. யார்கிட்டயும் அனுமதி கேட்காம. அது ரெண்டும் முக்கியம். அனுமதி வாங்கிட்டு நடந்தா அது விருந்தாளி நடக்கிறது. உரிமை இல்ல.”

“பதினோரு பேர் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

அவர் மாவு தட்டுவதை நிறுத்தினார். “நானும் ஒண்ணு வாங்கிட்டேனே. ரொட்டிக்கூடையைத் தூக்கிட்டு ஒன்றரை மைல் எப்படிம்மா சுத்துறது?”

மனிதர் அழாத குறை.

அக்டோபர் 19, ஞாயிறு

பென்ரோஸை ஒரு கொடியவராக எழுதினால் எனக்கு வசதி. ஆனால் இந்தக் குறிப்பேட்டில் பொய் எழுதுவதில்லை என்று பதின்மூன்று வயதில் முடிவு செய்தேன்.

குளியலறை ஓடு விற்றுச் சம்பாதித்தவர். தோட்டச் சுவர்களை அவரைப் போல யாரும் கவனித்ததில்லை. தெற்குச் சுவர் நெளிசுவர்: பாம்பு போல உள்ளும் வெளியுமாக வளைந்து வளைந்து ஓடும், ஒற்றைச் செங்கல் கனம்தான். இவ்வளவு மெல்லிசாக நேராகக் கட்டியிருந்தால் முதல் புயலிலேயே படுத்திருக்கும். வளைவுதான் அதைத் தாங்குகிறது. ஒவ்வொரு வளைவின் மடியிலும் வெயில் தேங்கும், அங்கே ஆப்ரிகாட் பழுக்கும். போரின்போது இங்கே தங்கிய ராணுவம் விரிசல்களில் சிமெண்டை அப்பிவிட்டுப் போயிற்று. பென்ரோஸ் அதையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசச் சொல்கிறார். வேலையாட்களோடு தானும் ஏணியில் நிற்கிறார். பார்த்தால் பிடித்துப் போகிறது. எரிச்சலாகவும் இருக்கிறது.

அக்டோபர் 27

நடந்தே விட்டது. கால் வைத்த இரும்பு இலை உடைந்து என் கையோடு வந்தது. கீழே குதித்துத் திரும்பினால் எதிரே பென்ரோஸ்.

“மிஸ் கெர்ரிட்ஜ். விழுந்துடுவீங்கன்னுதான் பயந்துட்டு இருந்தேன். இப்ப பாருங்க, விழுந்தது நீங்க இல்ல.”

இலையை நீட்டினேன். குருவிக் குஞ்சை வாங்குவது போல இரண்டு கையிலும் வாங்கினார்.

“இருநூறு வருஷம். ரெண்டு போருக்கும் இரும்பு கேட்டு வந்தவங்ககூட இதை விட்டுட்டுப் போனாங்க. நீங்க மூணு வாரத்துல உடைச்சிட்டீங்க.”

“நீங்க பூட்டலன்னா நான் ஏறியிருக்க மாட்டேன்.”

“உங்களுக்கு ஒரு சாவி இருக்கு. சீட்டே வேண்டாம். கையெழுத்தே வேண்டாம். உங்க ஒருத்தருக்கு மட்டும்.”

என் ஒருத்திக்கு மட்டும். நான் தனிமை விரும்பி என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, சரியான இடத்தில்தான் கை வைத்தார். காலையில் யாரும் இல்லாத அந்தத் தோட்டம், பனி, பாத்தி ஓரப் புதர்வேலியின் வாசம், நான் மட்டும். ஒரு கணம் – ஒரு கணம்தான் – வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

“வேண்டாங்க. நன்றி” என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கண்ணில் நீர். அவருக்காக இல்லை. அந்த இலைக்காக.

இனி ஏற மாட்டேன். சுற்றி நடப்பேன். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பென்ரோஸ் வீட்டுக்கு வந்தார். அப்பா தன் ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார், இன்னும் சம்பளம் வாங்குகிறவர் போல.

நாங்கள் இருக்கும் இந்தக் குடிசை வீடு பெரிய வீட்டுக்குச் சொந்தம். ‘ஆம்ப்ரோஸ், சாகிற வரைக்கும் இங்கேயே இரு’ என்று பழைய சீமாட்டி டெவெரல் சொல்லிவிட்டுச் செத்தாள். வாய்வார்த்தை. பென்ரோஸ் அதை எழுத்தில் தருகிறாராம். பதிலுக்கு ஒன்றுமில்லை. விசாரணையில், அப்பா தினமும் வேலைக்குறிப்பு எழுதிவந்த தோட்டப் புத்தகங்களை அவருடைய வக்கீல் காட்டுவார். ‘இது என் கையெழுத்துதான், எழுதியிருப்பது உண்மைதான்’ என்று அப்பா சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இருபத்தெட்டு புத்தகங்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 25-ஆம் தேதியில் ஒரே வரி: ‘இரண்டு கதவுகளும் பூட்டப்பட்டன. ஆ.கெ.’

அதுதான் பூட்டு நாள். வருடத்தில் ஒரே ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டால் மீதி நாளெல்லாம் ஜனங்கள் நடப்பது வீட்டுக்காரரின் தயவு என்று ஆகிவிடும். சீமாட்டியின் தாத்தா அதற்குக் கிறிஸ்மஸைத் தேர்ந்தெடுத்தார். ஊரே சர்ச்சுக்குப் போகும் நாள். ஊரே பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அதற்காக. மூளைக்காரர்.

“யோசிச்சு சொல்றேங்க” என்றார் அப்பா.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்பது வழக்கமில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கேட்டுவிட்டேன். வாத்து மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்போது.

“சாவியைப் பத்தி சொல்லுவீங்களா மாட்டீங்களா?”

“எந்தச் சாவி?”

எந்தச் சாவி! ஒவ்வொரு பூட்டு நாளும் காலை ஆறரைக்கு இரண்டு கதவையும் பூட்டிவிட்டு, சாவியை நெளிசுவரின் வெளிப்பக்கம் ஐவிக் கொடிக்குள் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வருவார் என் அப்பா. கீழ்த்தெரு முழுக்கத் தெரியும். முதலில் வருகிறவர் எடுத்துத் திறப்பார். எல்லோரும் போவார்கள். கடைசியில் திரும்புகிறவர் பூட்டிவிட்டு அதே ஆணியில் மாட்டுவார். யாரும் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அப்பா உட்பட.

“பூட்டினேன். பூட்டினேன்னு எழுதினேன். அது உண்மை” என்றார்.

“பாதி உண்மை.”

“நான் எழுதின பாதி உண்மைதான். மிச்சத்தை நான் எழுதல.”

“இந்த வீட்டுக்காகத்தானே?”

“உனக்கு இருபத்தேழு வயசு எனிட். எனக்கு அறுபத்தொன்பது. நீ ரோட்டுல நின்னா அது கொள்கை. நான் நின்னா அது பிச்சை.”

எழுந்து வெளியே போயிட்டேன். மூணு மணிக்கு வந்தா வாத்தை மூடி வெச்சிருக்கார், தானும் சாப்பிடாம.

1953 ஜனவரி 11, ஞாயிறு

பழைய குறிப்பேடுகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தேன். பதின்மூன்று வயதிலிருந்து எழுதுகிறேன். பூட்டு நாளன்று நடந்தோம் என்பதற்கு எழுத்தில் ஏதாவது சாட்சி வேண்டும் என்கிறார் தர்லோ. ஊர்க்காரர்கள் வாயால் சொன்னால் வக்கீல் சிரிப்பாராம்.

ஆணியைப் பற்றித் தெளிவாக எழுதிய பக்கம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. எனக்குப் பதினேழு வயது. அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன், எதை எதிர்கொள்ளப் போகிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும்:

‘1942 டிச. 25. பூட்டு நாள். வழக்கம்போல அப்பா இரண்டு கதவையும் பூட்டினார். வழக்கம்போல சாவியை மூன்றாவது வளைவின் ஆணியில் மாட்டினார். வழக்கம்போல ஊரே அதை எடுத்துத் திறந்து நடந்தது, நானும் நடந்தேன். வழக்கம்போல அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பூட்டுவது சரியென்றால் சாவியை ஏன் மாட்ட வேண்டும்? தவறென்றால் ஏன் பூட்ட வேண்டும்? சீமாட்டிக்கும் நல்லவர், ஊருக்கும் நல்லவர். என் அப்பா ஒரு கோழை. தர்லோவின் கிறிஸ்மஸ் ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சர்ச்சில் மிஸஸ் பொரட் பாடினாள். போரைவிட மோசம்.’

சாவியும் கோழையும் ஒரே பத்தியில். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வாசிக்க முடியாது.

ஜனவரி 14

முடியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாவல்களில் யாருடைய நாட்குறிப்பாவது கிடைத்தால் ஆவலோடு படிக்கிறேன். அவர்கள் செத்தவர்கள், அல்லது இல்லாதவர்கள். நான் உயிரோடு, பள்ளிக்கூட மண்டபத்தில், அப்பாவைக் கோழை என்று உரக்க வாசிக்க வேண்டும். இந்தத் தாள்களில் மட்டும்தான் நான் யாருக்கும் பயப்படாமல் இருந்தேன். இதையும் திறந்து வைத்துவிட்டால் எனக்கென்று மூடிய கதவு எது மிச்சம்?

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மிஸஸ் பொரட்டைச் சாலையில் பார்த்தேன். கால் வீங்கி, வாளியும் துடைப்பமுமாகச் சுற்றி நடக்கிறாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். “நீ நடக்கிறியே, நான் மட்டும் திறந்துட்டுப் போனா நல்லாவா இருக்கு?” என்றாள். பதினோரு சாவியில் ஒன்பது திரும்பிவிட்டதாம். இதுவரை இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

போரைவிட மோசம் என்று எழுதினேனே அவளை.

வாசிப்பேன்.

மார்ச் 16

இரவு உணவின்போது அப்பாவிடம், “நாளைக்கு நான் ஒண்ணு வாசிக்கப் போறேன். அதுல உங்களைப் பத்தி இருக்கு. நல்லதா இல்ல” என்றேன்.

“நான் வரல” என்றார்.

வீட்டை எழுதித் தரும் பென்ரோஸின் தாளில் அவர் கையெழுத்துப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறை. எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையைத் தொட. கவுண்டியிலிருந்து வந்த அதிகாரிக்கு மட்டும் ஆசிரியரின் நாற்காலி. பென்ரோஸின் வக்கீல் ஃபென் நின்றபடியே பேசினார். குட்டி நாற்காலியில் உட்காராத அளவுக்குப் புத்திசாலி.

இருபத்தெட்டு தோட்டப் புத்தகங்களையும் மேசையில் அடுக்கினார். ஒவ்வொரு டிசம்பராகப் புரட்டிக் காட்டினார். இருபத்தெட்டு முறை அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன் – கடைசி வரிசையில், கோட் மாட்டிக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா.

வரமாட்டேன்னு சொன்னாரே. சொன்னாரே.

சாவி வரை வாசித்தேன். நிறுத்தினேன். ஃபென் உடனே, “அவ்வளவுதானா? பத்தி இன்னும் முடியலையே. முழுசா வாசிங்க. நடுவில வெட்டின சாட்சியை நாங்க எப்படி நம்புறது?” என்றார்.

அதிகாரியும் தலையசைத்தார். வாசித்தேன். ‘என் அப்பா ஒரு கோழை’ என்ற இடத்தில் என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. தர்லோவின் ரொட்டிக்கு யாரோ பக்கென்று சிரித்தார்கள். மிஸஸ் பொரட் வாய்விட்டே, “அடிப்பாவி” என்றாள்.

ஃபென் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

“நன்றி மிஸ் கெர்ரிட்ஜ். எங்க வேலையை நீங்களே முடிச்சுக் கொடுத்துட்டீங்க. பெரிய வீட்டோட தலைமைத் தோட்டக்காரர், ஒவ்வொரு வருஷமும், ஊர்க்காரங்க எடுத்துக்கட்டும்னு சாவியை மாட்டி வெச்சார். ஆக, அவங்க நடந்தது வீட்டுத் தரப்போட அனுமதியோட. அனுமதி இருந்தா உரிமை இல்ல. சட்டம் அவ்வளவுதான்.”

எழுதி வைத்திருந்த ஒரே ரகசியத்தைக் கொடுத்து, அதைக் கொண்டே வழியை மூடிவிட்டேன். அப்பாவையும் அசிங்கப்படுத்தி, வழியையும் இழந்து. உட்காரக்கூடத் தோன்றவில்லை.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“ஐயா, நான் பேசலாங்களா? ஆம்ப்ரோஸ் கெர்ரிட்ஜ். அந்தப் புத்தகத்துல இருக்கிறது என் கையெழுத்து.”

அதிகாரி பேசச் சொன்னார்.

“அனுமதி கொடுத்தேன்னு வக்கீல் ஐயா சொல்றாரு. கொடுக்கிறதுக்கு நான் யாருங்க? சுவரு என்னோடதா? கதவு என்னோடதா? தோட்டத்துல ஒரு தள்ளுவண்டி இருந்தது, அதுவும் இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தது. அது அனுமதி கொடுக்குமா?”

சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை.

“அப்படின்னா சாவியை ஏன் மாட்டினீங்க?” – ஃபென்.

“பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன். சாவியை என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல. அதைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ஊரே ஒன்றரை மைல் மழையில நடந்து வர்றதைப் பாத்துக்கிட்டு, சர்ச்சுல முட்டி போட எனக்கு வரல.”

“ஊர்க்காரங்க உங்ககிட்ட சாவி கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேட்கல. கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வேலை முக்கியம். அது அவங்களுக்கும் தெரியும், அதனாலதான் கேட்கல. அவங்க வழி, அவங்க போனாங்க.”

“இது வீட்டம்மாவுக்குத் தெரியாம நடந்தது. இல்லையா?”

“தெரியாமலா? காலைச் சாப்பாட்டு அறை ஜன்னல்ல நின்னா அந்தப் பாதை ஓரத்துக்கு ஓரம் தெரியுங்க. கிறிஸ்மஸ் தொப்பியைப் போட்டுக்கிட்டு அறுபது பேரு வரிசையாப் போறாங்க. அவங்க கண்ணு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டு ஏன்னு கேட்கல. நிறுத்துன்னும் சொல்லல.”

ஃபென் உட்கார்ந்தார். குட்டி நாற்காலியில்.

அப்பா உட்காரவில்லை.

“இன்னும் ஒண்ணு ஐயா. என் பொண்ணு கோழைன்னு எழுதியிருக்கா. அதையும் குறிச்சுக்கோங்க. சரியாத்தான் எழுதியிருக்கா. தைரியம் இருந்திருந்தா நான் பூட்டியே இருக்க மாட்டேன்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பென்ரோஸ் அவரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். இருவரும் சாலை வழியாக நடந்தோம். எங்கள் வாசலுக்கு வந்த பிறகு சொன்னார்:

“மூணாவது வளைவு இல்ல. நாலாவது.”

மார்ச் 18

ரொட்டிக்கடையில் தர்லோ என் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “நாய் இருந்தா காட்டிட்டு சாப்பிடுங்க” என்றார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மிஸஸ் பொரட் சர்ச்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காதுக்கு நேராக, ஆறு பாட்டும் முழுக்கப் பாடினாள். தண்டனை நியாயமானது. ஏற்றுக்கொண்டேன்.

மே 20, புதன்

ஒன்பதாம் எண் வழி வரைபடத்தில் நிற்கிறது. நான்கடி அகலம். நடப்பதற்கு மட்டும். கடிதத்தைத் தர்லோ கடை ஜன்னலில் ஒட்டினார், கேக்குகளுக்கு நடுவே.

மே 23, சனி

பென்ரோஸே வந்து பூட்டைக் கழற்றினார். ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உடைந்த இலையைக் கொல்லனிடம் கொடுத்துச் சேர்த்திருக்கிறார். பற்றவைத்த இடம் தடித்துத் தெரிகிறது.

“வாழ்த்துகள்” என்றார்.

“நன்றி. சுவர் வேலை ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றேன். இரண்டு பேரும் மனதாரத்தான் சொன்னோம். இரண்டு பேருக்கும் மன்னிக்கும் எண்ணம் இல்லை.

ஜூன் 26

தட்டச்சு செய்த கடிதம், மரியாதையான மொழி. புதுத் தோட்டக்காரர் லேங்லிக்கு வீடு தேவைப்படுவதால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அப்பா இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார்.

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“போடலையே” என்றார். “டீ போடு.”

அவ்வளவுதானா? இருபத்தெட்டு வருடம் எனக்குத் தெரியாத ஒரு மனிதரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த 1942 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. அது அரசாங்கச் சாட்சி. அதோடு, பதினேழு வயதில் நான் பார்த்ததும் பொய்யில்லை. அவரே சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 19, சனி

குடி வந்துவிட்டோம். சர்ச்சுக்குப் பின்னால் கவுன்சில் கட்டிய எட்டு வீடுகளில் மூன்றாவது. சுவரெல்லாம் நேர். குளிக்கத் தனி அறை. அப்பா அங்கே நின்று சுவரை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஓட்டின் ஓரத்தில் சின்னதாக அச்சு: பென்ரோஸ்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு. புது வீடு, சத்தம் வெளியே கேட்கும்.

செப்டம்பர் 21

பஸ் நிறுத்தம் எங்கள் வாசலிலிருந்து நாற்பது தப்படி. எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் எண் வழி இனி எனக்கு எதற்கும் தேவையில்லை.

அக்டோபர் 12, திங்கள்

ஆறே முக்காலுக்கே கிளம்பினேன். ஓக் கதவு வழியாக உள்ளே போய், பாத்திகளுக்கு நடுவே இரும்புக் கதவு வரை நடந்து, வெளியே கீழ்த்தெருவில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பி வருவது. மூன்று வாரமாகத் தினமும் இதைச் செய்கிறேன். நடக்காவிட்டால் அது வெறும் தாளில் போட்ட கோடு. மழையிலும் நடப்பேன். எனக்கு வேலை இல்லாத திசையில்தான் நடப்பேன்.

இன்று திரும்பும்போது பாதையில் ஆள் சத்தம். அப்பா. கையில் கைத்தடி, நான்கடிக்கு நடுவே நட்டு வைத்தாற்போல நிற்கிறார். எதிரே ஏணியில் லேங்லி, ஆப்ரிகாட் கிளையைச் சுவரோடு கட்டிக்கொண்டிருக்கிறான்.

“இப்படி இறுக்கிக் கட்டினா அடுத்த வருஷம் பழம் இல்ல, விறகுதான் கிடைக்கும்! விரல் போற அளவுக்கு விடு தம்பி, விரல் போற அளவுக்கு!”

வீட்டுப் பக்கமிருந்து பென்ரோஸ் வந்தார், காலைக் கோப்பையைக் கையில் பிடித்தபடி. “மிஸ்டர் கெர்ரிட்ஜ், இது என் தோட்டம்.”

“ஆமாங்க” என்றார் அப்பா, தொப்பியைத் தொட்டு. “நான் வழியிலதானே நிக்கிறேன்?” பிறகு மறுபடி ஏணியைப் பார்த்து: “அந்த ரெண்டாவது கிளை. அதையும் அவிழ்.”

பென்ரோஸ் அந்தக் கிளையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லேங்லியிடம், “அவிழ்த்துக் கட்டு” என்றார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா நகர்வதாக இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனேன்.

“பாத்தியை மிதிக்காத” என்றார், திரும்பிப் பார்க்காமலே.